‘கெட்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பிள்ளைகளுக்கு எப்படிப் படிப்பிக்கிறது?

வெத்திலைத்தோட்டம், களுதாவளை:

எல்லாருக்கும் வணக்கம். பின்னேரத்தில சாதாரண தரச் (ஓ.எல்.) சோதனைக்குப் படிக்கிற பிள்ளைகள் கொஞ்சப் பேருக்கு ஆங்கிலம் சொல்லிக்குடுக்கிறன். ‘கெட்’ எண்ட ஒரு சொல்லில எல்லாரும் நிண்டுபோறாங்க. அகராதியைத் திறந்தா முதல்ல கிடக்கிற கருத்து ‘பெறு’. ‘ஐ கொட் அ லெட்டர்’ எண்டா அது சரி. ‘இட்ஸ் கெட்டிங் டார்க்’ எண்டு வந்த உடனே ‘இருட்டைப் பெறுகிறது’ எண்டு எழுதுறாங்க. ‘ஹீ கொட் கோட்’ எண்டா ‘அவன் பிடித்ததைப் பெற்றான்’. சிரிக்கிற விசயமில்ல, அகராதி சொன்னதைத்தான் பிள்ளை எழுதியிருக்கு.

நான் கேக்கிறது இதுதான். இத்தனை கருத்தில எதை முதல் படிப்பிக்கிற, எதைப் பிறகு விடுற? ‘சலூனுக்குப் போய்த் தலைமயிர் வெட்டினன்’ எண்டதை எல்லாரும் ‘ஐ கட் மை ஹெயார்’ எண்டுதான் எழுதுறாங்க. அது பிழை எண்டு தெரியும், ஏன் பிழை எண்டு பிள்ளைகளுக்கு விளங்கிற மாதிரிச் சொல்ல வருதில்ல. பஸ்ஸில இருந்து இறங்கிறதுக்கு ‘கெட் டவுன்’ சரியா, ‘கெட் ஓஃப்’ சரியா எண்டும் சொல்லுங்க. கட்டுரையில இந்தச் சொல்லைப் போடவே கூடாது எண்டு ஒரு கதை இருக்கு, அதையும் ஆராவது தெளிவாக்கினா நல்லம்.

கல்முனை ரீச்சர்:

தங்கச்சி, முதல் வேலையாகக் கருத்துப் பட்டியலை மூடி வையுங்கள். ‘கெட்’டைத் தனியாக நிறுத்திக் கருத்துக் கேட்டால் விடை வராது. அதற்கு அடுத்து என்ன நிற்கிறது என்று பார்த்தால்தான் கருத்து வரும். வசனத்தைப் பலகையில் எழுதி, ‘கெட்’டுக்குக் கீழ்க் கோடு போட்டு, அதற்கு அடுத்து வருகிற சொல்லைச் சுற்றி வட்டம் போடச் சொல்லுங்கள். வட்டத்துக்குள் இருப்பது பெயர்ச்சொல்லா, பண்பைச் சொல்லும் சொல்லா, இடமா, வினையின் மூன்றாம் வடிவமா (‘டேக்’, ‘டுக்’, ‘டேக்கன்’ என்பதில் ‘டேக்கன்’), ஆளா, ‘அப்’, ‘ஓன்’, ‘ஓவர்’ மாதிரிச் சின்னச் சொல்லா? இந்த ஒரு கேள்விக்கு விடை சொல்லப் பழகிய பிள்ளை, புதிதாக ஒரு வசனம் வந்தாலும் தடுமாறாது.

பெயர்ச்சொல் வந்தால் பாதி வேலை முடிந்தது. தமிழில் நாம் ‘கிடை’, ‘வாங்கு’, ‘எடு’, ‘கொண்டு வா’ என்று பிரித்துச் சொல்வதை ஆங்கிலம் ஒரே சொல்லால் சொல்லும். கடிதம் என்றால் வந்தது, அரிசி என்றால் வாங்கினேன், சோதனையில் ‘ஏ’ என்றால் எடுத்தேன், காய்ச்சல் என்றாலும் வந்ததுதான். ‘கெட் மை அம்ப்ரெல்லா’ என்றால் என் குடையை எடுத்துக்கொண்டு வா. பொருளைப் பார்த்துத் தமிழ் வினையைப் பிள்ளையே தெரிந்தெடுக்கட்டும். நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டாம், தமிழ் அவர்களுக்குத் தெரியும்.

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் அடுத்தது. பண்பைச் சொல்லும் சொல் வந்தால் ‘கெட்’ என்பது ‘ஆகு’. ‘டார்க்’, ‘லேட்’, ‘டயர்ட்’, ‘ஆங்க்ரி’, ‘ஹங்க்ரி’, ‘பெட்டர்’ எல்லாம் இப்படித்தான். நம் பிள்ளைகளுக்கு இது கடினமாக இருப்பதற்குக் காரணம், தமிழில் ஆளுக்கு ‘க்கு’ போட்டுவிட்டுக் கோபத்தை எழுவாயாக்குகிறோம். ‘எனக்குக் கோபம் வந்தது’. அதை அப்படியே கொண்டுபோய் ‘ஆங்கர் கேம் டு மி’ என்று எழுதுவார்கள். ‘க்கு’ போட்ட ஆளை முன்னுக்குக் கொண்டுவந்து எழுவாயாக்கு, கோபத்தைப் பண்புச் சொல்லாக்கு, நடுவில் ‘கெட்’டைப் போடு. ‘ஐ கொட் ஆங்க்ரி’. ‘தங்கச்சிக்குப் பசி வந்திட்டு’, ‘அம்மாவுக்குக் களைப்பு வந்திட்டு’, ‘தம்பிக்குச் சலிப்பு வந்திட்டு’ என்று பத்து வசனம் கொடுத்து வாயால் மாற்றவையுங்கள். எழுத வைப்பது பிறகு.

அதோடு ‘ஆம்’, ‘இஸ்’ ஆகியவற்றுக்கும் ‘கெட்’டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கட்டாயம் காட்டவேண்டும். ‘ஐம் ஹங்க்ரி’ என்றால் பசி இருக்கிறது. ‘ஐம் கெட்டிங் ஹங்க்ரி’ என்றால் பசி வந்துகொண்டிருக்கிறது. முதலாவது நிலை, இரண்டாவது மாற்றம். ‘இருட்டாக் கிடக்கு’, ‘இருட்டிக்கொண்டு வருது’ என்று நாம் பிரித்துச் சொல்கிறோம் அல்லவா, அதே பிரிப்புத்தான்.

இங்கே ஒரு குழி இருக்கிறது. ‘ஆகு’ என்று சொல்லிக்கொடுத்த அடுத்த நாளே ‘நான் ரீச்சராக வரவேணும்’ என்பதற்கு ‘ஐ வோண்ட் டு கெட் அ டீச்சர்’ என்று எழுதுவார்கள். அதன் கருத்து, எனக்கு ஒரு ரீச்சரைப் பிடிக்கவேண்டும் என்பது! அடுத்து நிற்பது பெயர்ச்சொல் என்றால் ‘கெட்’ ஒருபோதும் ‘ஆகு’ என்று கருத்துத் தராது. அந்த இடத்துக்கு ‘பிகம்’. பண்புச் சொல்லுக்கு ‘கெட்’, தொழிலுக்கும் பதவிக்கும் ‘பிகம்’ என்று கொப்பியின் முன்பக்கத்திலேயே எழுதவையுங்கள்.

‘ஹீ கொட் கோட்’ விசயத்துக்கு வருவோம். வினையின் மூன்றாம் வடிவம் பின்னால் வந்தால் எழுவாய்க்கு ஏதோ நடந்தது என்று கருத்து. நம் தமிழில் இதற்குப் பொருத்தமான ஒன்று இருக்கிறது, ‘படு’. ‘கொட் கோட்’ பிடிபட்டான், ‘கொட் ஹிட்’ அடிபட்டான், ‘கொட் ஸ்டக்’ மாட்டுப்பட்டான். இந்த மூன்றையும் சேர்த்துச் சொன்னால் பிள்ளை உடனே பிடித்துக்கொள்ளும். ‘மை பைசிக்கிள் கொட் ஸ்டோலன்’ என்றால் சைக்கிள் களவு போனது. பெரும்பாலும் எதிர்பாராமல் நடப்பது, தீமையாக நடப்பது, சில நேரம் அதிர்ஷ்டமாக நடப்பது இந்த வடிவத்தில் வரும். ‘ஷீ கொட் செலெக்டெட்’ கூட இப்படித்தான். ஆனால் ‘நோ’ (அறி), ‘லைக்’ (விரும்பு) போன்ற நிலை வினைகளோடு போடக்கூடாது. ‘தி ஸ்டோரி கொட் நோன் பை எவ்ரிபடி’ என்று எழுதவிடாதீர்கள், அங்கே ‘வோஸ் நோன்’தான்.

தலைமயிர்க் கதைக்குப் பிறகு வருகிறேன். அது தனியாக எழுதவேண்டிய விசயம்.

முன்மேசை, பாசிக்குடா:

ரீச்சர் சொன்ன வட்டம் போடுற முறைக்கு நானும் ஓம். கதைக்கிற ஆங்கிலத்தில இந்தச் சொல் என்னெல்லாம் செய்யுது எண்டு நான் எழுதுறன். ஹோட்டல் வேலைக்குப் பெடியன்களைப் பழக்கிற ஆக்களுக்கும் உதவும்.

இடம் பின்னால வந்தா ‘போய்ச் சேர்’. ‘ஹவ் டு ஐ கெட் டு அறுகம்பே?’ எண்டு கேட்டா, போற வழியைக் கேக்கிறாங்க. மட்டக்களப்பில நிண்டு சொல்லுற விடையைப் பாருங்க: ‘கெட் தி பஸ் டு பொத்துவில், கெட் ஓஃப் அட் தி லாஸ்ட் ஸ்டொப் அண்ட் கெட் அ த்ரீவீலர்’. ஒரே வசனத்தில மூண்டு தரம் வந்திருக்கு. முதலாவது பஸ்ஸைப் பிடிக்கிற, இரண்டாவது இறங்கிற, மூண்டாவது ஓட்டோ பிடிக்கிற. பிள்ளைகளிட்ட இந்த ஒரு வசனத்தைக் குடுத்துத் தமிழில சொல்லச் சொல்லுங்க, விளங்கியிருக்கா இல்லையா எண்டு தெரிஞ்சிரும்.

இடத்துக்கு முன்னால ‘டு’ வரும், ஆனா ‘ஹோம்’, ‘ஹியர்’, ‘தெயார்’ மூண்டுக்கும் வராது. ‘ஐ கொட் டு ஹோம்’ பிழை, ‘ஐ கொட் ஹோம்’ சரி. வீட்டுக்கு, இஞ்சைக்கு எண்டு நாம ‘க்கு’ போடுறதாலதான் ‘டு’ தானா வந்து ஒட்டுது.

ஏறுறதும் இறங்கிறதும்: உள்ளுக்க எழும்பி நடக்க ஏலுமான வாகனம் எண்டா ‘கெட் ஓன்’, ‘கெட் ஓஃப்’. பஸ், றெயின், கப்பல், பிளேன். குனிஞ்சு ஏறி அப்பிடியே இருக்கிற வாகனம் எண்டா ‘கெட் இன்’ அல்லது ‘கெட் இன்டு’, இறங்கிறதுக்கு ‘கெட் அவுட்’ அல்லது ‘கெட் அவுட் ஒஃப்’. கார், வான், ஓட்டோ. வாவியில ஓடுற சின்ன வள்ளமும் இந்தப் பக்கம்தான். சைக்கிள், மோட்டார் சைக்கிள், குதிரை மாதிரி மேல ஏறிக் குந்துறதுக்குத் திரும்பவும் ‘ஓன்’, ‘ஓஃப்’. நமக்கு எல்லாத்துக்கும் ‘ஏறு’, ‘இறங்கு’ ரெண்டு சொல்லுத்தான், அதாலதான் குழப்பம்.

விருந்தாளி முன்னால நிக்கேக்க தேவைப்படுறது: ‘கேன் ஐ கெட் யூ எனிதிங் டு ட்ரிங்க்?’ எண்டா குடிக்க ஏதும் கொண்டு வரட்டா. ‘கெட்’டுக்கு அடுத்தது ஆள், அதுக்கு அடுத்தது பொருள், நடுவில ‘டு’ இல்ல. ஃபோன் அடிக்கேக்க ‘ஐல் கெட் இட்’ எண்டா நான் எடுக்கிறன். கதவு தட்டேக்க அதே வசனம் நான் திறக்கிறன். பில் வரேக்க ‘ஐல் கெட் திஸ்’ எண்டா நான் குடுக்கிறன். இதெல்லாம் மனப்பாடமாத்தான் வரும், விதி தேடிக்கொண்டிருக்க வேணாம்.

சொன்னது விளங்காட்டி ‘ஐ டிடின்ட் கெட் யூ’ எண்டு நம்ம பக்கம் எல்லாரும் சொல்லுவம். வெளிநாட்டு ஆக்களுக்கு அது ஒரு மாதிரிக் கேக்கும். ‘சொரி, ஐ டிடின்ட் கெட் தட்’ எண்டு பழக்குங்க. ஆளை விளங்கல்ல எண்டு சொல்லாம, சொன்னதை விளங்கல்ல எண்டு சொல்லுற வசனம் அது.

உச்சரிப்பில ரெண்டு விசயம். கடைசியில ‘உ’ ஒட்டி ‘கெட்டு’ எண்டு சொல்லக் கூடாது, நாக்கு மேல்வாயில முட்டி நிண்டா போதும். அடுத்த சொல் உயிரெழுத்தில துவங்கினா ரெண்டும் ஒட்டும்: ‘கெட் அப்’ எண்டது ‘கெட்டப்’ எண்டு கேக்கும். அமெரிக்கர் வாயில அதே ‘ட்’ மெல்லிசாகி ‘கெடப்’ மாதிரி வரும். இது சொல்லிக்குடுக்காட்டிப் பிள்ளை எழுத்தில படிச்ச சொல்லைக் காதில பிடிக்கமாட்டுது.

ஓ.எல். பெடியன், அக்கரைப்பற்று:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். ரெண்டு சந்தேகம். ‘ஐ கொட் டூ சிஸ்டர்ஸ்’ எண்டு எழுதினதுக்குப் பிழை போட்டாங்க. கொட் எண்டா இருக்கு எண்டுதானே? மற்றது, படங்களில ‘கொட்டன்’ எண்டு கதைக்கிறாங்க, புத்தகத்தில அப்பிடி ஒண்டுமே இல்லையே?

மொழிபெயர்ப்பு மேசை, அம்பாறை:

வ அலைக்குமுஸ்ஸலாம் தம்பி. ‘ஐ ஹாவ் கொட் டூ சிஸ்டர்ஸ்’ என்பதுதான் முழு வடிவம். பேச்சில் ‘ஐவ் கொட்’ என்று சுருங்கும். அந்த ‘வ்’ நம் காதில் விழுவதில்லை, அதனால் கேட்டபடி எழுதுகிறோம், பிழை வருகிறது. ‘ஹாவ்’ இல்லாமல் ‘ஐ கொட்’ என்று எழுதினால் இறந்தகாலம், ‘எனக்குக் கிடைத்தது’ என்றாகிவிடும். மூன்றாம் ஆளுக்கு ‘ஷீ ஹாஸ் கொட்’, கேள்விக்கு ‘ஹாவ் யூ கொட் அ பென்?’ என்று வரும். இது நிகழ்காலத்துக்கு மட்டும். முந்தி இருந்தது என்று சொல்ல ‘ஹாட்’ மட்டும் போதும். சோதனையில் சந்தேகம் வந்தால் ‘ஐ ஹாவ் டூ சிஸ்டர்ஸ்’ என்று எழுதிவிட்டுப் போங்கள், அதற்கு ஒருவரும் பிழை போடமாட்டார்கள்.

‘கொட்டன்’ அமெரிக்க வழக்கு. நம் பாடத்திட்டம் பிரித்தானிய வழக்கைப் பின்பற்றுவதால் மூன்றாம் வடிவமும் ‘கொட்’தான். அமெரிக்கர் இரண்டையும் வைத்துக்கொண்டு கருத்தைப் பிரிக்கிறார்கள்: ‘ஐவ் கொட்’ என்றால் என்னிடம் இருக்கிறது, ‘ஐவ் கொட்டன்’ என்றால் எனக்குக் கிடைத்திருக்கிறது அல்லது ஆகிவிட்டது. பிரித்தானியர் தனிச்சொல்லில் விட்ட அந்த ‘டன்’ இன்னும் ‘ஃபொகொட்டன்’ என்பதில் அப்படியே இருக்கிறது.

இந்தச் சொல் இவ்வளவு பரந்து கிடப்பதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. ஸ்கண்டினேவியர் முந்திப் பேசிய பழைய நோர்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குள் வந்து, இருந்த வினைகள் பலவற்றின் வேலையை மெல்ல மெல்லத் தன் கையில் எடுத்துக்கொண்ட சொல் இது. இப்படி இன்னும் சில உண்டு. 1989இல் வெளிவந்த ஒக்ஸ்ஃபோர்ட் ஆங்கில அகராதியின் 2ஆம் பதிப்பில் ‘செட்’ என்ற வினைக்கு 430 கருத்துகள். பிறகு திருத்திய பதிப்பில் ‘ரன்’ என்ற வினை 645 கருத்துகளோடு அதை முந்திவிட்டது. அவற்றை மனப்பாடம் செய்து ஆங்கிலம் கதைக்கிற ஆங்கிலேயர் ஒருவருமில்லை.

களுதாவளைத் தங்கச்சி கேட்ட ‘கெட் டவுன்’ பற்றி. பஸ்ஸிலிருந்து இறங்க ‘கெட் டவுன்’ என்பது இலங்கையிலும் இந்தியாவிலும் ஊறிப்போன வழக்கு. நம்மவர்க்குள் கதைக்கும்போது அதைப் பிழை என்று நான் சொல்லமாட்டேன். சோதனைத்தாளில் ‘கெட் ஓஃப்’ என்று எழுதவேண்டும். அதே ‘கெட் டவுன்’ இலங்கை ஆங்கிலத்தில் இன்னொரு வேலையும் செய்கிறது: ‘வி கொட் டவுன் த குட்ஸ் ஃப்ரொம் கொழும்பு’, கொழும்பிலிருந்து சாமான் தருவித்தோம். பிரித்தானியருக்கு இது விளங்காது. அவர்களுக்கு எழுதும்போது ‘ஓர்டர்ட்’ என்று போடுங்கள். ஆளை வரவழைத்ததைச் சொல்வதென்றால் ‘கோல்ட் இன்’.

கட்டுரையில் போடவே கூடாது என்பது சரியான விதி அல்ல. நண்பனுக்கு எழுதும் கடிதம், உரையாடல், கதை ஆகியவற்றில் தாராளமாக வரலாம். அங்கே அதைத் தவிர்த்தால் எழுத்து விறைத்துப்போய்விடும். பிரதேச செயலகத்துக்கு, அதிபருக்கு, வேலைக்கு விண்ணப்பிக்க எழுதும்போது மாற்றவேண்டும். கடிதம் கிடைத்ததற்கு ‘ரிசீவ்’, அனுமதி பெறுவதற்கு ‘ஒப்டெயின்’, ஒரு இடத்தை அடைவதற்கு ‘ரீச்’ அல்லது ‘அரைவ்’, நிலைமை தேறுவதற்கு ‘இம்ப்ரூவ்’. ‘அரைவ்’ போட்டால் பின்னால் ‘அட்’ அல்லது ‘இன்’ வரவேண்டும், ‘ரீச்’ போட்டால் ஒன்றும் வரக்கூடாது. ‘ரீச்ட் டு பற்றிக்கலோ’ என்று எழுதுகிறவர்கள் ஏராளம். இங்கேயும் ரீச்சர் சொன்ன வட்டம்தான் காப்பாற்றும்: பின்னால் பெயர்ச்சொல் நின்றால் மட்டும் ‘ரிசீவ்’. ‘ஐ ரிசீவ்ட் டயர்ட்’ என்று ஒரு விண்ணப்பத்திலும் வரக்கூடாது.

இன்னொன்று, கலியாணம். ‘ஷீ கொட் மரீட் வித் அ டொக்டர்’ என்று எழுதுவது ‘டொக்டரோட கலியாணம்’ என்பதிலிருந்து வருவது. ஆங்கிலத்தில் ‘கொட் மரீட் டு’. ‘வித்’ போட்டால் பிழை.

கல்முனை ரீச்சர்:

இப்போது தலைமயிர்.

‘ஐ கட் மை ஹெயார்’ என்று சொன்னால் கண்ணாடிக்கு முன்னால் நின்று என் கையால் வெட்டினேன் என்றுதான் கேட்பவர் எடுத்துக்கொள்வார். ‘சலூன்ல தலைமயிர் வெட்டினன்’ என்று தமிழில் சொன்னால் ஒருவரும் அப்படி நினைக்கமாட்டார்கள், அதனால் பிள்ளைக்குப் பிழை தெரிவதில்லை. அதைத் தெரியவைக்க ஒரே வழி, தமிழ் வசனத்தை முதலில் ‘விச்சன்’ என்று முடிக்கவைப்பது. வெட்டுவிச்சன், தைப்பிச்சன், திருத்துவிச்சன், கட்டுவிச்சன். இந்தச் சொற்கள் நம் வீடுகளில் புழங்குகிறவை. ‘விச்சன்’ என்று சொல்ல முடிந்தால் ஆங்கிலத்தில் ‘கெட்’ தேவை.

அடுத்தது சொல்லொழுங்கு, பெரும்பாலான புள்ளி போகும் இடம். ‘திருத்துவிச்சன்’ தமிழில் ஒரே சொல். ஆகவே பிள்ளை ‘கொட் ரிப்பெயார்ட்’ என்று இரண்டையும் ஒட்டிவைத்து ‘ஐ கொட் ரிப்பெயார்ட் மை பைக்’ என்று எழுதும். பொருள் நடுவில் நிற்கவேண்டும்: ‘ஐ கொட் மை பைக் ரிப்பெயார்ட்’. பலகையில் ‘கொட்’ என்று இடப்பக்கம் எழுதி, மூன்றாம் வடிவத்தை வலப்பக்கம் எழுதி, நடுவில் பெட்டி ஒன்று கீறுங்கள். பெட்டிக்குள் பொருள் இல்லாமல் அடுத்த வசனத்துக்குப் போகவிடாதீர்கள். ‘ஐ கொட் மை ஹெயார் கட்’ என்பதில் ‘கட்’டின் மூன்று வடிவமும் ஒன்றாக இருப்பதால் பிள்ளைக்குப் பெட்டி தெளிவாகத் தெரியாது. ஆகவே அதைக் கொண்டு தொடங்க வேண்டாம். ‘ரிப்பெயார்ட்’, ‘பெயின்டெட்’, ‘ஸ்டிச்ட்’, ‘வோஷ்ட்’ என்று தொடங்கி, ஐந்தாவது ஆறாவது வசனமாக ‘கட்’டைக் கொடுங்கள்.

யாரைக் கொண்டு செய்வித்தோம் என்று ஆளையும் சொல்வதென்றால் வசனம் மாறும். ‘ஐ கொட் த மேசன் டு ஃபிக்ஸ் த வோல்’. ஆளுக்குப் பின்னால் ‘டு’, அதற்குப் பின்னால் வினையின் முதல் வடிவம். இதே இடத்தில் ‘மேக்’ வந்தால் ‘டு’ இல்லை: ‘ஐ மேட் ஹிம் ஃபிக்ஸ் த வோல்’. ‘ஹாவ்’ வந்தாலும் இல்லை. பிள்ளைகள் ‘கெட்’டுக்கு ‘டு’வை விட்டுவிட்டு ‘மேக்’குக்குப் போடுவார்கள், நேர்மாறாக. கருத்திலும் வித்தியாசம் உண்டு. ‘மேட்’ என்றால் கட்டாயப்படுத்தினேன். ‘கொட்’ என்றால் கேட்டு, கெஞ்சி, காசு கொடுத்து, எப்படியோ செய்ய வைத்தேன். ‘ஹாட்’ என்றால் சொன்னேன், செய்தார், அவ்வளவுதான்.

சின்னச் சொற்களோடு வருவதைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். அவற்றை மட்டும் விதியால் பிடிக்க முடியாது, முழுதாகப் படிக்கவேண்டும். சாதாரண தரத்துக்கு ‘கெட் அப்’ எழும்பு, ‘கெட் ஓவர்’ தேறு அல்லது மறந்து மீள், ‘கெட் ரிட் ஒஃப்’ ஒழித்துக்கட்டு, ‘கெட் ஓன் வித்’ ஒத்துப்போ, ‘கெட் த்ரூ’ சமாளித்து முடி அல்லது ஃபோனில் தொடர்பு கிடை, இவ்வளவும் போதும். ஒரு கிழமைக்கு இரண்டு, ஒவ்வொன்றுக்கும் சொந்த வசனம் மூன்று. இருபதைத் தாளில் அச்சடித்துக் கொடுத்தால் ஒன்றும் நிற்காது.

வெத்திலைத்தோட்டம், களுதாவளை:

ரீச்சர், நடுவில பெட்டி கீறுற விசயம் நாளைக்கே செய்யிறன். எல்லாருக்கும் நன்றி. இன்னும் ஒண்டு மட்டும் விட்டுப்போச்சு. ‘ஐ கொட் யூஸ்ட் டு வேக் அப் ஏர்லி’ எண்டு ஒரு பிள்ளை எழுதிச்சு, ‘டு’வுக்குப் பின்னால முதல் வடிவம்தானே எண்டு நான் சரி போட்டிட்டு விட்டன். சரிதானே?

மொழிபெயர்ப்பு மேசை, அம்பாறை:

இல்லைத் தங்கச்சி, ‘வேக்கிங் அப்’ என்று வரவேண்டும். ‘கெட் யூஸ்ட் டு’ என்றால் பழகிப்போ. அந்த ‘டு’ இடத்துக்கு முன்னால் வரும் ‘டு’வைப் போன்றது, பின்னால் பெயர்ச்சொல் அல்லது ‘இங்’ வடிவம் கேட்கும். ‘ஐ கொட் யூஸ்ட் டு த ஹீட்’ சரியாக இருக்கிறதல்லவா, ‘ஹீட்’ நிற்கும் இடத்தில்தான் ‘வேக்கிங் அப்’ நிற்கிறது. ‘கொட்’ இல்லாமல் ‘ஐ யூஸ்ட் டு வேக் அப் ஏர்லி’ என்று எழுதினால் அதுவும் சரியான வசனம், ஆனால் கருத்து வேறு: முந்தி நேரத்துக்கு எழும்புவேன், இப்போது இல்லை. இரண்டையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிக் காட்டிவிட்டு அந்தப் பிள்ளையின் கொப்பியைத் திருத்திக் கொடுங்கள்.